கொல்லும் முன் கறந்துவிடுங்கள்: மைன்கிராஃப்டில் டிராகன் பிரெத்

மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டின் பெரிய எதிரியான எண்டர் டிராகனைக் கொன்றால் முட்டை கிடைக்கும். முதல் தடவை 12,000 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) கொட்டும். வீடு திரும்பும் போர்ட்டல் திறக்கும். ஆனால் அதன் உடம்பிலிருந்து கைவேலைக்கு ஆகிற பொருள் ஒன்றுகூடக் கீழே விழாது. தோல் இல்லை, எலும்பு இல்லை, இறக்கை இல்லை. சுவரில் மாட்டுகிற டிராகன் தலைகூட எண்ட் உலகில் மிதக்கும் எண்ட் ஷிப் கப்பலின் முகப்பிலிருந்து பெயர்த்து எடுப்பதுதான். டிராகன் தருகிற ஒரே மூலப்பொருள் அதன் மூச்சு, அதாவது டிராகன் பிரெத். அதுவும் உயிரோடு இருக்கும்போது மட்டும்.

இது தெரியாமல் வாளும் வில்லுமாகப் போய், பத்து நிமிடத்தில் கதையை முடித்துவிட்டு, பிறகு டிப்டு ஆரோ (மருந்து தோய்ந்த அம்பு) செய்ய உட்காரும்போதுதான் "டிராகன் பிரெத் எங்கே கிடைக்கும்?" என்று தேடுகிறவர்கள் ஏராளம். டிராகனை எதிரியாகப் பார்ப்பதைவிடக் கறவை மாடாகப் பார்ப்பதே இந்த வேலைக்குச் சரி. அடிக்காமல், விரட்டாமல், அது உட்காரும் நேரம் பார்த்துப் போய்க் கறக்க வேண்டும்.

இந்த விளையாட்டுக்கு ஜாவா, பெட்ராக் என்று இரண்டு எடிஷன் உண்டு. கீழே வரும் எண்கள் எல்லாம் ஜாவா எடிஷனுக்கு. பெட்ராக் எடிஷனில் கணக்கு எங்கே மாறுகிறது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எதற்கு, எவ்வளவு

2016 பிப்ரவரி 29-இல் வந்த 1.9 பதிப்பில்தான் டிராகன் பிரெத் விளையாட்டுக்குள் நுழைந்தது. அதன் வேலை ஒன்றே ஒன்று: வீசி உடைக்கும் ஸ்பிளாஷ் போஷனை (போஷன் என்பது மருந்துக் குப்பி), தரையில் மேகமாகத் தங்கும் லிங்கரிங் போஷனாக மாற்றுவது. அந்த லிங்கரிங் போஷன் ஒன்றை நடுவில் வைத்துச் சுற்றி 8 அம்பு வைத்தால் 8 டிப்டு ஆரோ. நடைமுறையில் பிரெத் தேடிப் போகிறவர்களில் பெரும்பாலானோர் அம்புக்காகவே போகிறார்கள்.

கிளம்பும் முன் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பாட்டில் பிரெத், போஷன் காய்ச்சும் ஸ்டாண்டில் இருக்கும் மூன்று போஷனையும் ஒரே நேரத்தில் மாற்றும். அதாவது 1 பிரெத், 3 லிங்கரிங், 24 அம்பு. ஒரு ஸ்டாக், அதாவது ஒரே கட்டத்தில் அடுக்கும் 64 அம்புக்கு 8 லிங்கரிங் வேண்டும். மூன்று ஈடு காய்ச்சினால் 9 வந்துவிடும். ஆக 3 பிரெத் போதும். பத்து ஸ்டாக் அம்பு, அதாவது 640, வேண்டுமென்றாலும் 27 பிரெத்தான். ஒரு முழு ஸ்டாக் பிரெத் கையில் இருந்தால் 1,536 அம்பு. ஆகவே ஐந்நூறு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போகவேண்டிய அவசியம் இல்லை. தனியாக விளையாடுகிறவருக்கு 64 போதும், நீண்ட காலம் வரும். நண்பர்கள் சேர்ந்து விளையாடும் சர்வர் என்றால் 128.

பாட்டில் செய்ய மூன்று கண்ணாடி போட்டால் மூன்று பாட்டில். 64 வேண்டுமென்றால் 66 கண்ணாடி, அதற்கு 66 மணல். காலி பாட்டிலும் 64 அடுக்கும், நிரப்பிய பிரெத்தும் 64 அடுக்கும். போஷன்போல ஒவ்வொன்றும் ஒரு கட்டத்தைப் பிடித்துக்கொள்ளாது. ஆனால் முதல் பாட்டில் நிரம்பும்போது அது போய் உட்கார இன்வென்டரியில் ஒரு கட்டமாவது காலியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நிரம்பியது கீழே விழும். குழப்பத்தில் அதைப் பார்க்கவே மாட்டீர்கள்.

டிராகன் ஏற்கனவே செத்துவிட்டது என்றால்

மறுபடி வரவழைக்கலாம். எண்ட் கிரிஸ்டல் நான்கு செய்ய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 7 கண்ணாடி, 1 ஐ ஆஃப் எண்டர் (எண்டர் கண்), 1 காஸ்ட் டியர் (காஸ்ட் என்ற பறக்கும் பூதத்தின் கண்ணீர்). நான்குக்குச் சேர்த்து 28 கண்ணாடி, 4 கண், 4 கண்ணீர். இதில் இழுத்தடிப்பது காஸ்ட் கண்ணீர்தான். லாவாக் கடலுக்கு மேல் காஸ்டைச் சுட்டால் கண்ணீர் லாவாவில் விழுந்து எரிந்துபோகும். தரைக்கு மேல் வரும்வரை பொறுத்துச் சுடுங்கள்.

நடுவில் இருக்கும் போர்ட்டல் விளிம்பின் நான்கு பக்கத்திலும், சரியாக ஒவ்வொரு பக்கத்தின் நடுக் கல்மேல், ஒவ்வொரு கிரிஸ்டல். நான்காவதை வைத்தவுடன் போர்ட்டல் அணைந்துவிடும், 10 தூண்களும் ஒவ்வொன்றாகப் புதிதாக எழும். தூண் உச்சியில் நீங்கள் கட்டி வைத்தது எதுவாக இருந்தாலும் அப்போது வெடித்துப் போய்விடும். அங்கே பெட்டி எதுவும் விட்டு வைக்காதீர்கள். நான்கு கிரிஸ்டலும் கடைசியில் வெடிக்கும், ஆகவே வைத்த கையோடு தள்ளிப் போய்விடுங்கள்.

மறுபடி வந்த டிராகனுக்கு 500 எக்ஸ்பிதான், புது முட்டையும் கிடையாது. அதனால் முதல் சண்டையிலேயே பாட்டிலோடு போவது லாபம். 28 கண்ணாடியும் நான்கு கண்ணீரும் மிச்சம்.

திரும்பி வர வழி இல்லை

பலர் சரக்கை முழுசாகப் பறிகொடுப்பது இந்த இடத்தில்தான். டிராகன் உயிரோடு இருக்கும்வரை நடு போர்ட்டல் திறக்காது. ஒன்று அதைக் கொல்ல வேண்டும், இல்லையென்றால் நீங்கள் சாக வேண்டும். வேறு வாசல் கிடையாது. செத்தால் கையில் இருப்பது அங்கேயே கொட்டும். தீவின் ஓரத்தில் செத்தால் பாட்டில் எல்லாம் பாதாளத்தில்.

ஆகவே எண்டர் செஸ்ட் ஒன்று கட்டாயம் எடுத்துப் போங்கள். 8 அப்சிடியன், நடுவில் ஒரு ஐ ஆஃப் எண்டர். பத்துப் பதினைந்து பாட்டில் நிரம்பியவுடன் அதில் போட்டுவிடுங்கள். அதன் பிறகு நீங்கள் செத்தாலும் சரக்கு பத்திரம், வீட்டு எண்டர் செஸ்டைத் திறந்தால் இருக்கும். வரும்போது பெட்டியையும் கொண்டுவர வேண்டுமென்றால் சில்க் டச் போட்ட பிக்காக்ஸ் வேண்டும். சாதா பிக்காக்ஸால் உடைத்தால் 8 அப்சிடியன் மட்டும்தான் மிஞ்சும்.

பெட்டியைத் திறந்தவெளியில் வைக்காதீர்கள். டிராகன் பறக்கும் பாதையில் இருக்கும் கல், மரம், கண்ணாடி, பெட்டி எல்லாவற்றையும் அழித்துக்கொண்டே போகும். அதற்கு அசையாதவை சில மட்டுமே: அப்சிடியன், எண்ட் ஸ்டோன், இரும்புக் கம்பி, பெட்ராக் கல் போன்றவை. தரையில் இரண்டு பிளாக் ஆழம் தோண்டி, பெட்டியை வைத்து, ஓரத்தில் எண்ட் ஸ்டோன் கூரை போட்டால் போதும்.

மற்றபடி எடுத்துப் போக வேண்டியவை: குடைந்த பூசணிக்காய் தலைக்கு, முகத்தைப் பார்த்தால் தாக்கும் எண்டர்மேனைத் தெரியாமல் பார்த்துத் தொலைக்காமல் இருக்க. ஸ்லோ ஃபாலிங் போஷன் இரண்டு, டிராகன் தூக்கி அடித்தால் இறங்க. கோல்டன் ஆப்பிள் நான்கைந்து. கிரிஸ்டல் உடைக்க வில்லும் அம்பும். எண்ட் ஸ்டோன் அங்கேயே கிடைக்கும், தோண்டிக்கொள்ளலாம்.

கவசத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டிராகன் மூச்சு செய்யும் சேதம் மந்திரச் சேதம். நெதரைட் என்றாலும் வைரம் என்றாலும் கவசத்தின் சொந்த வலிமை அதைத் துளியும் தடுக்காது. தடுப்பது புரொடெக்‌ஷன் என்சான்ட்மென்ட் மட்டும். நான்கு துண்டிலும் புரொடெக்‌ஷன் 4 இருந்தால் சேதத்தில் 64 சதவீதம் குறையும். பால் குடிப்பது உதவாது, ஏனென்றால் இது உடம்பில் தங்கும் விளைவு இல்லை, உடனடி அடி. ஃபயர் ரெசிஸ்டன்ஸும் உதவாது, இது நெருப்பே இல்லை.

முதல் வேலை கிரிஸ்டல்

டிராகனைக் குணப்படுத்தும், தூண் மேலிருக்கும் கிரிஸ்டல்களை எல்லாம் முதலில் உடைத்துவிடுங்கள். டிராகனைக் கொல்லப் போவதில்லையே, அது குணமானால் நமக்கென்ன என்று தோன்றும். காரணம் வேறு. வட்டமடிக்கும் டிராகன், போர்ட்டல் இருக்கும் நடு மேடையில் வந்து உட்காரலாமா என்று அவ்வப்போது முடிவெடுக்கும். அந்த வாய்ப்பு கிரிஸ்டல் எண்ணிக்கையைப் பொறுத்தது: மீதமிருக்கும் கிரிஸ்டலோடு 3 கூட்டினால் வருவதில் ஒரு பங்கு. பத்தும் இருந்தால் 13-இல் 1. ஒன்றும் இல்லையென்றால் 3-இல் 1. பத்துக் கிரிஸ்டலோடு காத்திருந்தால் நேரம் வீணாகும். பாதியில் பொறுமை இழந்து அம்பு விடத் தொடங்கிவிடுவீர்கள்.

இரண்டு தூண்களில் கிரிஸ்டலைச் சுற்றி இரும்புக் கம்பிக் கூண்டு இருக்கும். ஏறிப் போய்க் கம்பியை ஒரு பக்கம் உடைத்து, விலகி நின்று அம்பு விடுங்கள். பக்கத்தில் நின்று வாளால் தட்டினால் அந்த வெடிப்பில் நீங்களும் போவீர்கள்.

கிரிஸ்டல் எல்லாம் போன பிறகு டிராகனுக்குக் குணமாக வழி இல்லை. அதன் உயிர் 200. தவறுதலாக விட்ட அம்புகள்கூடச் சேர்ந்துகொண்டே போகும் என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டு வகை மேகம்

டிராகன் பிரெத் எடுக்கக்கூடிய ஊதா மேகம் இரண்டு வழியில் உண்டாகும். இரண்டும் ஒரே நிறம், ஒரே பொருள், ஆனால் கறக்கும் முறை வேறு.

முதலாவது, உட்கார்ந்து ஊதும் மூச்சு. டிராகன் நடு மேடையில் இறங்கியதும் ஆளைத் தேடும். 20 பிளாக் தூரத்துக்குள், உயரத்தில் 10 பிளாக்குக்கு மேல் வித்தியாசம் இல்லாமல், கண்ணில் படும்படி நீங்கள் நிற்க வேண்டும். தலையை உங்கள் பக்கம் திருப்பும், உறுமும், பிறகு ஊதும். தலைக்கு முன்னால் தரையில் 5 பிளாக் ஆரம் உள்ள மேகம் படரும். ஏறத்தாழ 10 வினாடி இருக்கும். இதன் அடி வினாடிக்கு 3, அதாவது ஒன்றரை இதயம். ஒரு தடவை உட்கார்ந்தால் நான்கு முறைவரை ஊதிவிட்டு எழுந்து பறக்கும். யாரும் அருகில் இல்லையென்றால் 5 வினாடியிலேயே எழுந்துவிடும், தூரத்தில் இருப்பவரை நோக்கி நேராகப் பாயவும் செய்யும். பயந்து ஓடி ஒளிந்துகொண்டு "ஊதவே மாட்டேன் என்கிறதே" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்.

இரண்டாவது, பறந்தபடி துப்பும் ஊதா உருண்டை. அது விழுந்த இடத்தில் 3 பிளாக் ஆரத்தில் மேகம் தொடங்கி, 30 வினாடியில் 7 பிளாக்வரை வளரும். அடி இரட்டிப்பு, வினாடிக்கு 6. புரொடெக்‌ஷன் இல்லாமல் முழு உயிரோடு உள்ளே நின்றால் நான்காவது அடியில் முடிந்துவிடும். உருண்டை உங்கள் பக்கத்தில் விழுந்தால் மேகம் உங்கள் காலடியிலேயே தொடங்கும், உடனே விலக வேண்டும்.

பாட்டில் ஒன்று நிரம்பும்போது மேகத்தின் ஆரம் அரை பிளாக் சுருங்கும். இந்த ஒரு விதி தெரிந்தால் மற்றதெல்லாம் கணக்கு. உட்கார்ந்து ஊதிய மேகம் 5 பிளாக், ஆகவே சுமார் 10 பாட்டில். இது வளராது, காத்திருந்து பயனில்லை, படர்ந்த உடனே எடுக்க வேண்டும். உருண்டையின் மேகத்தில் விழுந்தவுடன் எடுத்தால் ஐந்தோ ஆறோதான், அதோடு மேகம் மறைந்துவிடும். விலகி நின்று 25 வினாடி பொறுத்தால் ஆரம் 6 பிளாக்குக்கு மேல் போயிருக்கும், அப்போது எடுத்தால் 12 பாட்டில். ஒரே மேகம், இரண்டு மடங்கு மகசூல். அவசரப்படுகிறவர்கள் இழப்பது இதைத்தான்.

மவுஸின் வலது பட்டனை அழுத்திப் பிடித்தால் 4 டிக்குக்கு ஒரு பாட்டில், அதாவது வினாடிக்கு ஐந்து. பத்துப் பாட்டில் நிரப்ப இரண்டே வினாடி. கையிலிருக்கும் ஸ்டாக்கின் எண் 64, 63, 62 என்று இறங்குவதும், பக்கத்துக் கட்டத்தில் இளஞ்சிவப்புப் பாட்டிலின் எண் ஏறுவதும் ஒரே நேரத்தில் தெரியும். இறங்குவது நின்றுவிட்டால் மேகம் தீர்ந்தது என்று அர்த்தம், அல்லது நீங்கள் எட்டாத தூரத்தில் நிற்கிறீர்கள்.

எங்கே நிற்பது

மேகத்துக்குள் இறங்க வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் உடலிலிருந்து 2 பிளாக் சுற்றளவுக்குள் மேகம் இருந்தால் பாட்டில் நிரம்பும். குறி பார்க்கவும் வேண்டாம். காலடியைப் பார்த்துக்கொண்டே அழுத்தலாம். அப்போது எண்டர்மேன் முகமும் கண்ணில் படாது.

இதைவிட முக்கியமானது, மேகத்தின் உயரம் அரை பிளாக்தான். பார்க்க நெஞ்சளவுக்கு ஊதாப் புகை எழுந்தாலும், அடி விழுவது அந்த அரை பிளாக்குக்குள் கால் பட்டால் மட்டும். ஒரு பிளாக் உயரமான மேடைமேல் நின்றால் மேகம் உங்களைச் சுற்றி எவ்வளவு படர்ந்தாலும் ஒரு அடியும் விழாது, பாட்டிலும் நிரம்பும். இரண்டு பிளாக் உயரமும் சரிதான். மூன்று பிளாக் ஏறினால் எட்டாது. உயரம் கூடினால் பாதுகாப்பு கூடும் என்று நினைத்து நான்கு பிளாக் கோபுரம் கட்டி, ஒரு பாட்டிலும் நிரம்பாமல் தவிப்பது வழக்கமாக நடக்கும் பிழை.

டிராகன் இறங்கும் முன்பே மேடையைத் தயார் செய்யுங்கள். நடு மேடையின் விளிம்பிலிருந்து சில பிளாக் தள்ளி, எண்ட் ஸ்டோனாலோ அப்சிடியனாலோ 3-க்கு 3 அளவில் ஒரு பிளாக் உயரத்துக்குப் போடுங்கள். சுற்றியுள்ள தரையில் பள்ளம் மேடு இருந்தால் நிரவிவிடுங்கள். மேகம் ஒரே மட்டத்தில் தட்டையாக இருப்பதால், அது பள்ளத்தில் விழுந்தால் மேடையிலிருந்து எட்டாமல் போகும். மேட்டில் விழுந்தால் உங்கள் காலைத் தொட்டுவிடும். அரை நிமிட பிக்காக்ஸ் வேலைதான், ஆனால் இதைத் தவிர்ப்பவர்கள்தான் கோல்டன் ஆப்பிளைத் தின்று தீர்க்கிறார்கள்.

டிராகனின் தலைக்கு நேர் எதிரே நில்லுங்கள், பக்கவாட்டில் வேண்டாம். உட்கார்ந்திருக்கும்போது இறக்கைப் பக்கம் போனால் தள்ளி எறியும். மேடையிலிருந்து நேராக மேகத்துக்குள் விழுவீர்கள். தலையையும் தொடாதீர்கள், அது பட்டால் நார்மல் கடினநிலையில் 10 புள்ளி சேதம்.

அடிக்காதீர்கள்

தலை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது வாளை வீசாமல் இருப்பது கஷ்டம்தான். ஆனால் உட்கார்ந்திருக்கும் டிராகன், தன் மொத்த உயிரில் கால் பங்குக்கு மேல், அதாவது 50-க்கு மேல், அடி வாங்கினால் உடனே எழுந்து பறந்துவிடும். ஊதிக்கொண்டிருக்கும்போது எழுந்தால் தரையிலிருக்கும் மேகமும் அந்த நொடியே மறையும். நான்கு ஊதலில் 40 பாட்டில் எடுக்க வேண்டிய இடத்தில், நல்ல வாளால் நாலைந்து வீச்சு வீசினால் ஐந்து பாட்டிலோடு நிற்பீர்கள். நண்பர்களோடு போனால் இதை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பாட்டிலும் இன்னொருவர் வாளுமாகப் போவதைப்போல வீண்வேலை வேறில்லை.

இன்னொரு கேள்வி அடிக்கடி வரும்: நாமே ஹார்மிங் (உடனடிச் சேதம் தரும்) லிங்கரிங் போஷனை வீசி, அந்த மேகத்தில் பாட்டில் நிரப்பலாமா? முடியாது. மேகத்தை உண்டாக்கியது டிராகனா என்று விளையாட்டு பார்க்கும். டிராகனுடையதாக இருந்தால் மட்டுமே பாட்டில் நிரம்பும்.

பாட்டில் எல்லாம் நிரம்பி எண்டர் செஸ்டில் ஏறிய பிறகு டிராகனை முடித்துவிட்டுப் போர்ட்டல் வழியாக வாருங்கள். உட்கார்ந்திருக்கும்போது அம்பு அதன் உடம்பில் ஏறாது, வாள்தான் வேலை செய்யும். பறக்கும்போது அம்பு.

காய்ச்சும் வரிசை

தண்ணீர் பாட்டில், நெதர் வார்ட், பிறகு விளைவு தரும் பொருள், தேவையென்றால் ரெட்ஸ்டோனோ குளோஸ்டோனோ, பிறகு கன்பவுடர், கடைசியில் டிராகன் பிரெத். கன்பவுடர் போட்டு ஸ்பிளாஷ் ஆக்காத சாதா போஷனில் பிரெத்தைப் போட்டால் ஸ்டாண்ட் அசையவே அசையாது. பிரெத் கெட்டுப்போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம். வெளியே எடுத்துக் கன்பவுடர் போட்டுவிட்டு மறுபடி வையுங்கள்.

மூன்று கட்டமும் நிரம்பாமல் காய்ச்சாதீர்கள். ஒரு போஷனுக்கும் மூன்று போஷனுக்கும் செலவாவது அதே ஒரு பிரெத்தான்.

640 அம்புக்கு 27 ஈடு. ஒவ்வோர் ஈட்டுக்கும் நான்கு கட்டம், ஒவ்வொரு கட்டமும் 20 வினாடி. ஒரே ஸ்டாண்டில் 36 நிமிடம் பிடிக்கும். நான்கு ஸ்டாண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பத்து நிமிடத்துக்குள் முடியும். பிளேஸ் பவுடர் ஒன்று 20 கட்டம் எரியும், ஆகவே 6 பவுடர் எரிபொருளுக்கு. லிங்கரிங் போஷன் அடுக்காது என்பதால், ஈடு இறங்க இறங்க அம்பாக மாற்றிக்கொண்டே வாருங்கள். கிராஃப்டிங் டேபிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். 80 போஷனையும் சேர்த்து வைத்துப் பிறகு செய்யலாம் என்றால் இன்வென்டரியில் இருப்பதே 36 கட்டம்தான்.

எந்த அம்பு பயன்படும்

விளைவின் நேரம் லிங்கரிங் மேகத்தில் கால் பங்காகும், அம்பில் எட்டில் ஒரு பங்காகும். 3 நிமிடப் போஷன் அம்பில் 22 வினாடி. ஒன்றரை நிமிடப் போஷன் 11 வினாடி. 45 வினாடி பாய்சன், அம்பில் 5 வினாடிதான். ஆகவே அம்புக்குப் போகிற போஷனில் ரெட்ஸ்டோன் போட்டு நேரத்தை நீட்டுவது எப்போதும் நல்லது. ரெட்ஸ்டோன் போட்ட 4 நிமிட ஸ்லோநெஸ் (வேகம் குறைக்கும் போஷன்), அம்பில் 30 வினாடி நிற்கும். துரத்தி வருபவரை நிறுத்த என் தேர்வு எப்போதும் இதுதான்.

ஹார்மிங் அம்புக்கு இருக்கும் பெயர் அதன் தகுதிக்கு மேல். ஹார்மிங் 2 என்றால் 12 புள்ளி அடி என்பது உண்மை. ஆனால் அம்பின் அடியும் போஷனின் அடியும் ஒரே கணத்தில் விழுவதால், இரண்டும் ஒன்றோடொன்று கூட்டப்படாது; அம்பின் அடியைவிடப் போஷனின் அடி எவ்வளவு அதிகமோ அவ்வளவுதான் சேரும். பவர் 5 போட்ட வில்லை முழுதாக இழுத்து விட்டால் அம்பின் அடியே 12-ஐத் தாண்டிவிடும், அதற்குமேல் ஹார்மிங் ஒன்றும் செய்யாது. நல்ல வில் வைத்திருப்பவர் பிரெத்தை இதில் செலவழிப்பது நஷ்டம். டிஸ்பென்சரில் (தானாக எறியும் பெட்டி) போட்டு விடும் அம்புக்குத்தான் ஹார்மிங் பொருந்தும். ஸாம்பி, எலும்புக்கூடு போன்றவற்றுக்கு ஹார்மிங் மருந்தாகிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். அவற்றுக்கு ஹீலிங் அம்பு.

இன்ஃபினிட்டி வில் டிப்டு ஆரோவைச் சேமிக்காது, ஒவ்வொன்றாகத் தீர்ந்துபோகும். மாறாக, மல்டிஷாட் போட்ட குறுக்குவில்லில் ஓர் அம்பு செலவாகி மூன்று பறக்கும். மூன்றிலும் விளைவு இருக்கும். பிரெத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்த இதைவிட நல்ல கருவி இல்லை.

பெட்ராக் எடிஷனில் விளையாடுகிறவர்களுக்கு அம்புக்காக டிராகனிடம் போகும் வேலையே இல்லை. கால்ட்ரனில் சாதா போஷனை ஊற்றி அம்பை நனைத்தால் போதும்: ஒரு மட்டம் போஷனுக்கு 16 அம்பு, இரண்டு மட்டத்துக்கு 32, முழுக் கால்ட்ரனுக்கு 64. அங்கே பிரெத் தேவைப்படுவது லிங்கரிங் போஷனை அப்படியே வீசுவதற்கு மட்டும்தான், அதற்குப் பத்துப் பதினைந்து பாட்டில் தாராளம்.